ஜிம்னியைத் தூக்கிய கதை: மூன்று இன்ச் கேட்டுப் போய் 40 மில்லிமீட்டரோடு வந்தேன்

மாமனாருக்குக் கொடைக்கானல் தாலுகா தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்து வீட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதைப் பாதை என்று சொல்ல முடியாது, தண்ணீர் இறங்கும் ஓடை. டிராக்டரும் வாடகை ஜீப்பும் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுவில் ஒரு மேடு முதுகெலும்பு மாதிரி நிற்கும். இந்தப் பாதைக்காகவே 2023 ஆவணியில் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வாங்கினேன். முதல் மழைக்காலத்திலேயே அடிவயிற்றில் ‘டங்’ என்று ஒரு சத்தம். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வலித்தது.

அப்புறம் என்ன, லிஃப்ட் கிட், அதாவது வண்டியின் உயரத்தைக் கூட்டுகிற ஸ்பிரிங் செட், அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ராத்திரி இரண்டு மணி வரை வீடியோ. ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் ஆளுயர டயர் போட்டுப் பாறை மேல் ஏறுகிறார், நமக்கும் அதே வண்டிதானே என்று தோன்றியது. அது மூன்று கதவு வண்டி, நம்முடையது அதைவிடச் சுமார் நூறு கிலோ கனம், நீளமும் அதிகம் என்பதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை.

முதலில் போன கடையில் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். “மூணு இன்ச் போட்டுக்கங்க சார், லுக்கே மாறிடும்.” எந்தப் பாதையில் ஓட்டுவீர்கள், எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. நானும் தலையாட்டிவிட்டு முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்தேன். கூட வந்த மாமா, “வண்டியைத் தூக்குறதுக்குப் பதிலா ரெண்டு ஆளை விட்டுப் பாதையைச் சரி பண்ணலாமே மாப்பிள்ளை” என்றார். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட். கோயம்புத்தூரில் நாலு சக்கர டிரைவ் வண்டிகளை மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக் போனில் சொன்ன யோசனை அது. “மொதல்ல எது இடிக்குதுன்னு பாருங்க, அப்புறம் தூக்கறதப் பத்திப் பேசலாம்ங்க.” முன் பின் டிஃபரென்ஷியல் குண்டு (ஆக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி), முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் ஷாக் அப்சர்பரின் அடிப்பிடிப்பு, பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் பிராக்கெட் எல்லாவற்றிலும் பெயின்டைத் தடவிக்கொண்டு தோட்டத்துக்கு மூன்று தடவை போய் வந்தேன். திரும்பி வந்து பாயை விரித்து அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டே இடத்தில்தான் பெயின்ட் போயிருந்தது. நடுக் குறுக்குச் சட்டம், முன் டிஃபரென்ஷியல் குண்டு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது, லிஃப்ட் வாங்க நினைக்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு ஒரே இரும்புக் குழாய், டிஃபரென்ஷியல் அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் அந்த ஆக்சிலுக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக்கினாலும் உயர்வது சேஸிஸும் உடம்பும்தான், டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று இன்ச் போட்டிருந்தாலும் அந்தக் குண்டு நடு மேட்டில் அதே மாதிரி உரசிக்கொண்டுதான் போயிருக்கும். அதை உயர்த்த நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிற வழி பெரிய டயர், அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும். கம்பெனி டயர் 195/80 R15, விட்டம் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் 703 சொச்சம். அதாவது குண்டுக்குக் கீழே கிடைப்பது வெறும் 5 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 20 கிடைக்கும், ஆனால் 105 குதிரைத் திறன் வண்டி மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஸ்பீடோமீட்டரும் ஆறு சதவீதம் வரை குறைத்துக் காட்டும்.

குறுக்குச் சட்டத்தின் கதை வேறு. அது சேஸிஸோடு இருப்பதால் லிஃப்ட் போட்டால் உயரும். ஐந்து கதவு வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம், 2,590 மில்லிமீட்டர். மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருக்கிற கோணம் கம்பெனிக் கணக்கில் 24 டிகிரி, மூன்று கதவுக்கு 28. நமக்கு உதைப்பது இந்த இடம்தான். 40 மில்லிமீட்டர் தூக்கினால் இதில் மூன்றரை டிகிரி அளவுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டியதே அவ்வளவுதான். மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காத முன் கோணம் 36, இறங்கும்போது வால் இடிக்காத பின் கோணம் 50 என்று ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது, அதைத் தூக்கி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

டிஃபரென்ஷியல் உரசலுக்கு மருந்து காசில்லாமல் கிடைத்தது. ஜிம்னியில் அந்தக் குண்டு நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. தடத்துக்குள் இறங்கி ஓட்டாமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டின் மேல் ஏற்றி, இன்னொன்றை ஓரத்துக் கரையில் வைத்து ஓட்டினால் பாதி இடத்தில் உரசலே இல்லை. ஜீப் டிரைவர்கள் காலம் காலமாக இப்படித்தான் ஓட்டுகிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

சரி, எந்த கிட்? விலை குறைந்தது ஸ்பேசர். இருக்கிற ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டையைச் செருகுவது. திண்டுக்கல்லில் தெரிந்த லேத் பட்டறைக்காரர் நைலானிலேயே கடைந்து தருகிறேன் என்றார். வண்டி உயரும், ஸ்பிரிங்கின் மென்மையும் மாறாது. ஆனால் ஷாக் அப்சர்பர் அதே பழைய நீளம்தானே? வண்டியை 40 தூக்கினால் சக்கரம் கீழே தொங்குகிற தூரத்தில் அந்த 40 குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டிய நேரத்தில் ஷாக் முழுசாக நீண்டு முட்டி நிற்கும், சக்கரம் காற்றில் சுற்றும். ரோட்டில் மட்டும் ஓட்டி உயரம் காட்டுகிறவருக்கு அது போதும். எனக்கு ஆகாது.

ஆக, ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான ஷாக்கும் சேர்ந்த கிட் என்று முடிவானது. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலியக் கம்பெனிகள் ஜிம்னிக்குச் செய்கிறார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. முன் ஸ்பிரிங்கில் சாதாரண பம்பருக்கு ஒன்று, இரும்பு புல்பாரும் (முன்பக்கக் காப்புக் கம்பி) சிக்கிய வண்டியை இழுக்கிற வின்ச்சும் மாட்டிய வண்டிக்கு ஒன்று என இரண்டு வகை வரும். நம் நாட்டில் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு புல்பாருக்குத் தடை சொல்லிவிட்டது, அந்தக் கனம் நம் வண்டியில் இருக்காது. கனமான வகையை மாட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், குலுங்கும். இன்னொன்று, மூன்று கதவுக்கான ஸ்பிரிங்கை ‘இதுவும் ஜிம்னிதானே சார்’ என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஐந்து கதவுக்கென்று கொடுக்கிறார்களா என்று பார்ட் நம்பரை வைத்துக் கேளுங்கள்.

50 மில்லிமீட்டரா 40-ஆ என்பதில் ஒரு மாதம் போனது. வண்டியை உயர்த்தும்போது முன் ஆக்சிலைப் பிடித்திருக்கிற நீள ஆர்ம் சாய்கிறது, சாயும்போது ஆக்சிலையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது, அதனால் காஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்தானே, அந்தச் சாய்வுதான் காஸ்டர். அது குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, எண்பதில் போகும்போது வண்டி அலையும், சில வண்டிகளில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். இதைச் சரி செய்ய, ஆர்மின் போல்ட் ஓட்டையில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக மையம் விலகிய புஷ் வரும். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளிவிட்டு இதை ஏற்ற வேண்டும். உயரம் கூடக் கூட இந்த மாதிரிச் சில்லறை வேலைகள் கூடிக்கொண்டே போகும். மூன்று இன்ச்சுக்குப் போனால் பிரேக் ஹோஸ், பம்ப் ஸ்டாப், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பக்கவாட்டு ராட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டி வரும். கடைக்காரர் முதல் நாள் சொன்ன விலையில் இது எதுவுமே இல்லை. 40 என்று முடித்தேன், காஸ்டர் புஷ்ஷையும் சேர்த்து.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் கேட்டேன், விபத்து என்று வந்தால் இதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க இடமுண்டு என்றார். சர்வீஸ் சென்டரில் சஸ்பென்ஷன் வாரன்டியை மறந்துவிடுங்கள் என்றார்கள். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன், நான் செய்ததால் சரி என்று ஆகிவிடாது. பழைய ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரண் மேல் வைத்திருக்கிறேன்.

இனி என் முட்டாள்தனம். பின் ஸ்பிரிங்கிலும் இரண்டு வகை இருந்தது. வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் பாரம் இருக்கும் வண்டிக்கு ஒன்று. காபி மூட்டை ஏற்றப் போகிறோம், 50 கிலோ மூட்டை நாலு என்றால் 200 கிலோ என்று கணக்குப் போட்டுக் கனமானதை வாங்கினேன். மூட்டை ஏற்றுவது கார்த்திகையிலிருந்து மாசி வரை, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாட்டி இறக்கியதும் டேப் வைத்து அளந்தால் பின்பக்கம் 40-க்குப் பதில் 65 உயர்ந்து நிற்கிறது, அமுங்கப் பாரம் இல்லையே. மாட்டு வண்டிகூட அதைவிட மெத்தென்று போகும். பின் சீட்டில் உட்கார்ந்து வத்தலகுண்டு வரை வந்த அத்தை, இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இரண்டாவது மாதமே சாதாரண வகைக்கு மாற்றினேன். கனமானதை வண்டி மேல் கூடாரம் கட்டித் தூங்குகிற ஒரு மதுரைக்காரர் எடுத்துக்கொண்டார், பாதி விலைக்கு.

மாட்டுகிற அன்று கோயம்புத்தூரில் பக்கத்திலேயே நின்றேன். மெக்கானிக்கின் பையன் வண்டி பட்டறையின் தூக்கும் மேடையில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டையெல்லாம் முறுக்க ஆரம்பித்தான், அவர் ஒரு சத்தம் போட்டார். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை வண்டி தன் சக்கரத்தில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும், கீச் கீச் சத்தம் வேறு. அப்புறம் சக்கரத்தை முழுசாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று கையால் பிடித்துப் பார்த்தார்கள்.

பக்கவாட்டு ராட் ஆக்சிலைக் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும் என்று படித்திருந்ததால் கொத்தனாரிடம் வாங்கி வைத்திருந்த தூக்குக்குண்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்ததில் வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள். நீளம் மாற்றுகிற ராட் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஒரு செலவு மிச்சம். டயர் 215/75-லேயே நின்றேன். அலைன்மென்ட் பார்த்து, 500 கிலோமீட்டரில் போல்ட்டையெல்லாம் திரும்ப முறுக்கியாயிற்று. ஹெட்லைட்டை மட்டும் மறந்துவிட்டோம். முதல் ராத்திரி பல்லடம் வழியாகத் திரும்பும்போது எதிரில் வந்தவர் எல்லாம் டிம் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். மறுநாள் சுவரில் கோடு போட்டு இறக்கினேன்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. கொண்டை ஊசி வளைவில் முன்பைவிடக் கொஞ்சம் சாய்கிறது, வேகத்தைக் குறைத்துப் பழகிவிட்டேன். குறுக்குச் சட்டம் தட்டுவது நின்றுவிட்டது. டிஃபரென்ஷியல் குண்டு மழைக்காலத்தில் இரண்டு இடத்தில் இன்னும் உரசுகிறது. அந்த இரண்டு இடத்திலும் போன மார்கழியில் மாமா ஆள் விட்டுக் கல் நிரப்பி, ஓரத்தில் தண்ணீர் போக வாய்க்கால் வெட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு ஆச்சு மாமா என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை என் காஸ்டர் புஷ் விலையைவிடக் குறைவு.

அத்தைக்குத்தான் இன்னும் வண்டி எட்டவில்லை. பின்னால் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கிடக்கிறது, நிறுத்துகிற இடத்திலெல்லாம் நான் முதலில் இறங்கி அதை எடுத்துப் போட வேண்டும்.