பிசிறு தட்டும் வரை

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

கொலுவுக்கு ஒரு படி குறைகிறது. வீட்டில் கிடக்கும் வேப்பம்பலகையை இழைத்துச் சேர்த்துவிடலாம் என்று, போன வருடம் பழைய சாமான் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கிய இழைப்புளியை எடுத்தேன். சீவல் வரவில்லை. பலகையைப் பிறாண்டி வைத்ததுதான் மிச்சம். தகட்டைக் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தால் வாயோரம், அதாவது வெட்டும் விளிம்பில், ஒரு வெள்ளைக்கோடு. கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது, மழுங்கினதுதான் மின்னும். காய் நறுக்கும் கத்தியையும் அப்படியே பிடித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 6, சனி

பட்டறை ஒன்றில் மின்சாணை பிடித்து வாங்கி வந்தேன். ஒரே நிமிடம், ஒரே பொறி. வாயின் ஒரு மூலை மயில்கழுத்து நிறத்தில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணனிடம் காட்டினால், "பதம் போச்சே டீச்சர்" என்றார். சுமார் 300 டிகிரி சூடேறினால் எஃகு அந்த நீலத்துக்கு வரும். அப்புறம் அந்த இடம் இளகிவிடும், கூர் நிற்காது. நீலம் போகிற வரை தேய்த்துத் தள்ள வேண்டும். கிட்டத்தட்ட 2 மி.மீ. கையால்!

செப்டம்பர் 7, ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் கல் வாங்கினேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். கணக்கு டீச்சர் ஆயிற்றே, கோணமானியோடு உட்கார்ந்தேன். 3 மி.மீ. தகட்டில் கோணம் பார்ப்பது கொசுவுக்கு லாடம் அடிக்கிற வேலை. அண்ணன் கோணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "தகட்டுக் கனத்துல ரெண்டு பங்கு சாய்வு இருந்தாப் போதும்" என்றார். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: கனம் 3, சாய்வின் நீளம் 6, சைன் மதிப்பு அரை, அதாவது 30 டிகிரி! இத்தனை வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கோபுரத்தையும் நிழலையும் வைத்தே நடத்திக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்ததில் கல் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் கழுவினேன். இனி தையல் மெஷின் எண்ணெய்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நீலம் போயிற்று, கூர் வரவில்லை. எண்ணி 300 தடவை தேய்த்தேன் என்று அண்ணனிடம் முறையிட்டேன். எண்ணிக்கையை அவர் காதில் வாங்கவில்லை. தகட்டின் முதுகுப்பக்கம் விரலை வைத்து, வாயைத் தாண்டி வெளியே வழிக்கச் சொன்னார். "பிசிறு தட்டுதா?"

பிசிறு என்றால், தேய்க்கத் தேய்க்க வாயைத் தாண்டி மறுபக்கம் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு இழை. இடது மூலையில் மட்டும் தட்டியது.

"தட்டாத எடத்துல இன்னும் வாய் வரைக்கும் நீங்க போகவே இல்ல."

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிசிறு தட்டினால்தான் சொரசொரப்புப் பக்கத்தை விடலாமாம். ஐம்பதில் தட்டினாலும் சரி, ஐந்நூறில் தட்டினாலும் சரி. அடுத்து ஸ்கேலைக் கல்லின் மேல் நிறுத்தினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு வாரமாக நடுக்கல்லிலேயே தேய்த்துக் குழி பறித்திருக்கிறேன். சிமெண்டுத் திண்ணையில் மணலும் தண்ணீருமாகப் போட்டு அரை மணி நேரம் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். தகட்டைத் தீட்டக் கல், கல்லைத் தீட்டத் திண்ணை. மாமியார் திண்ணையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

இன்று பிசிறு முழு அகலத்துக்கும் தட்டியது. நைஸ் பக்கத்தில் சாய்வு, பிறகு முதுகைக் கல்லோடு ஒட்டப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு, மறுபடி சாய்வு. பிசிறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கி மெலிந்தது. பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்ததில் உதிர்ந்தே விட்டது. தகட்டைச் சொருகி ஆப்பைத் தட்டினேன். முதல் தள்ளலிலேயே பலகையின் முழு நீளத்துக்கும் சீவல், வெங்காயத்தோல் மாதிரி. வேம்பு வாசம் வீடெல்லாம். கணு இருந்த இடம் மட்டும் பிய்ந்தது.

நாளை படி கட்ட வேண்டும். அதன் மேல் வேட்டி விரிப்போம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இழைப்புளிக்கும் கல்லுக்கும் சந்தனம், குங்குமம். கோணமானிக்கும் ஒரு பொட்டு. இன்று எதையும் தொடக்கூடாது. தகட்டின் வாயில் ஈரச் சந்தனம் இருப்பது மனதை அரிக்கிறது. விடிந்ததும் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.