நொடுக்கன் ஏன் பிலாத்தினான்?

நான்காம் வகுப்பு சாரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அதனால் மேலூர் சார். சங்க மலருக்குப் பள்ளி நினைவுகளைக் கட்டுரையாகக் கேட்டபோது சத்துணவு வரிசை, விளையாட்டு விழா, சுதந்திர தின மிட்டாய் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தெரியும். நான் சாருடைய தமிழ் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

1980களின் நடுவில் எங்களுக்குப் படிப்பது என்றால் சத்தம் போட்டு ராகமாகப் படிப்பது. அப்புறம் வினா விடை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். கேள்வியில் இருக்கும் சொல் பாடத்தில் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரிக்குப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் 1, 2 என்று எண் எழுதிவிட வேண்டியது. பாடம் எதைப் பற்றியது என்று தெரியாமலே பத்துக்குப் பத்து வாங்கலாம்.

சார் வந்த புதிதில் ஒருநாள் கரும்பலகையில் இப்படி எழுதினார்: ‘நொடுக்கன் சப்பாலைக் கிமுட்டிக்கொண்டு தீவலில் பிலாத்தினான்.’

“நொடுக்கன் எதைக் கிமுட்டினான்?”

“சப்பாலை சார்!”

“எங்கே பிலாத்தினான்?”

“தீவலில் சார்!” வகுப்பே கத்தியது.

“எல்லாருக்கும் முழு மார்க்கு. சரிப்பா, நொடுக்கன் ஏன்யா பிலாத்துனான்?”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. (சுவரோரம் உட்காரும் ஒருவனுக்கு அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர்தான் நொடுக்கன். இப்போது துபாயில் பெரிய ஆள். இந்த மலரைப் படிப்பான்.)

அதற்கப்புறம் வகுப்பு வேறு மாதிரி ஆனது. பாடத்தைத் திறந்ததும் படிக்க விடமாட்டார். தலைப்பையும் படத்தையும் பார்த்து உள்ளே என்ன வரும் என்று சொல்ல வேண்டும். சொன்னதைப் பலகை ஓரத்தில் எழுதிவைத்து, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பார். ஒரு பத்தி முடிந்ததும் எங்களில் ஒருவர் எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். விடை அப்படியே எடுத்து எழுதும்படி இருந்தால் அது புத்தகக் கேள்வி. யோசித்தால்தான் வரும் என்றால் மண்டைக் கேள்வி. மண்டைக் கேள்வி கேட்டவருக்குத்தான் மரியாதை. புரியாத சொல் வந்தால், முன்வரியையும் பின்வரியையும் படித்துப் பார்த்த பிறகே கையைத் தூக்கலாம்.

எனக்குப் பிடித்தது கடைசியில் வருவது. எங்களுடையது பெரியாறு கால்வாய்ப் பாசன ஊர்; அறுப்புக் காலத்தில் பாதி வகுப்பு வயலில்தான் இருக்கும். மறுநாள் வருகிறவனுக்கு நேற்றைய பாடத்தை நாலே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு அவன் சாரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், ஜெயித்தது சொன்னவன். ‘சுருக்கி வரைக’ என்று பரீட்சையில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். கேட்பதற்கு நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறான் அல்லவா?

சிங்கப்பூரில் என் மகள் தொடக்கப்பள்ளியில் கருத்தறிதலோடு, அதாவது பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு விடை எழுதுவதோடு, மல்லுக்கட்டியபோதுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்கூட்டி ஊகித்தல், கேள்வி கேட்டல், தெளிவுபடுத்திக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் பிள்ளைகளே முறைவைத்து நடத்தும் வழியை, அமெரிக்காவில் பாலின்சார், பிரௌன் என்ற இருவர் 1984இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். வாய்விட்டு நன்றாகப் படிப்பார்கள், ஆனால் புரியாது. அப்படிப்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் டர்கின் என்ற அம்மையார் அங்கே நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களை 4,469 நிமிடம் உட்கார்ந்து கவனித்தார். அதில் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது 20 நிமிடம்தானாம். மீதியில் பெரும்பகுதி கேள்வி கேட்பதும் விடை சரிபார்ப்பதும் பயிற்சித் தாளும். அங்கேயும் அடைப்புக்குறிதான் போல.

ஆனால் இந்த நாலு உத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சார் எங்களைக் கரையேற்றியிருக்க முடியாது என்பது என் எண்ணம். அவர் தாமே எழுதிப்போட்ட ஒரு பத்தி இன்னும் நினைவிருக்கிறது:

‘மாமா செருப்பைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தார். தோளில் தோல்பை கனத்தது. அக்கா செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றினாள். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள்.’

என்ன மாதம்? யார் வருகிறார்? மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் காட்சி அது. ஆனால் அழகர் பெயரே அதில் இல்லை. தட்டுத் தடுமாறிப் படிக்கிறவன்கூட “சித்திரை சார், எதிர்சேவை சார், தோல்பையில இருக்கிறது அழகர் மேல பீச்சுற தண்ணி சார்” என்று அடுக்கினான். வகுப்பிலேயே திருத்தமாகப் படிக்கிறவன், அப்பாவின் வேலை மாற்றலால் குன்னூரிலிருந்து வந்தவன். அவனோ, மாமா வெளியூர் போகிறார் என்றான். சார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதில் ‘ராத்திரி உறைபனி, காலையில் கொழுந்தெல்லாம் கருகியிருந்தது’ என்று வந்தது. குளிரில் இலை எப்படிக் கருகும் என்று நாங்கள் முழித்தோம். அன்றைக்கு அவன்தான் சார்.

ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்றால் படிப்பது நன்றாகப் புரியும் என்பதையும் பிற்பாடு சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

போன விடுமுறையில் பள்ளிக்குப் போனேன். 2022இல் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அட்டைகள் வகுப்பு முழுக்கத் தொங்குகின்றன. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது.

சங்கம் பள்ளிக்குப் புத்தகப் பெட்டி அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டேன். பனிமனிதன் வரும் புத்தகங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கண்மாய், ஜல்லிக்கட்டு, கீழடி, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட நம் பக்கத்து அரிட்டாபட்டி ஆகியவை பற்றி எளிய தமிழில் கிடைப்பதையும் போடுங்கள். கிடைக்காவிட்டால் நாமே எழுதலாம். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் துறைமுகத்தைப் பற்றி, பாலைவனத்தில் இருப்பவர் மணற்காற்றைப் பற்றி, ஆளுக்கு ஒரு பக்கம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், பக்கத்துக்கு எட்டு வரி போதும். அடியில் வினாக்கள் போட வேண்டாம். அதைப் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.