சாப்பிட்டுப் பார்

தென்கொரியாவில் பள்ளி ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்குவதால், தேகு நகருக்கு நான் ஒரு பெப்ரவரி இறுதியில் வந்து இறங்கினேன். ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசாவைக் கொரியா பெரும்பாலும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே வழங்குகிறது. அவற்றுள் கனடாவும் ஒன்று என்பதால், யாழ்ப்பாணத்தில் பிறந்து பதினான்கு வயதில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போன எனக்கு அந்தக் கதவு திறந்தது. முதலில் விண்ணப்பித்த தனியார் பயிற்சி நிலையம் ஒன்று, என் புகைப்படம் கிடைத்த நாளிலிருந்து மறுமொழி எழுதுவதை நிறுத்திக்கொண்டது. காரணத்தை நான் கேட்கவில்லை. அரசாங்க ஆரம்பப் பள்ளி ஒன்று என்னை எடுத்துக்கொண்டது.

முதல் வாரங்களில் நான் ஒரு குழந்தைக்குச் சமமாக இருந்தேன். வெளிநாட்டவர் அடையாள அட்டை கைக்கு வரும் வரையில் சொந்தப் பெயரில் கைபேசி இணைப்பு எடுப்பது பெரும்பாடு. கைபேசி எண் இல்லாமல் வீட்டுக்கு ஒரு கோழிப் பொரியலைக்கூட வரவழைக்க முடியாது. பள்ளி தந்த ஓரறை வீட்டில் எனக்கு மிகப் பெரிய சோதனையாக இருந்தது குப்பைதான். உணவுக் கழிவு தனி, மறுசுழற்சிக்கானவை தனி, மற்றவை தனி. மற்றவற்றை நகராட்சி விற்கும் பைகளில் மட்டுமே போடலாம். உணவுக் கழிவு விலங்குத் தீவனமாகக்கூடும் என்பதால் எலும்பும் முட்டையோடும் அதில் சேரா. தேங்காய்ச் சிரட்டையும் சேராது என்பதைக் கீழ்வீட்டு அம்மையார் அதைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

பள்ளியில் மதிய உணவு எவர்சில்வர் தட்டில் வரும். பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரே உணவைத்தான் உண்கிறார்கள். மாத உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில், ஒவ்வாமை உள்ளவர்களுக்காகச் சிறு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: 1 முட்டை, 9 இறால், 16 மாட்டிறைச்சி. மாட்டிறைச்சி உண்ணாத நான் கொரிய எழுத்துகளை அறியும் முன்னரே 16 என்ற எண்ணைத் தேடப் பழகிவிட்டேன். கடற்பாசிச் சூப் பெரும்பாலும் அந்த எண்ணோடுதான் வந்தது.

மொழியைக் கற்கத் தொடங்கியபோது, நான் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைத்தது. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துகளை ஒரு வார இறுதியிலேயே படித்துவிடலாம். ஆனால் என்னோடு வகுப்பில் இருந்த மற்ற வெளிநாட்டு ஆசிரியர்கள், ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஓர் ஒலியாகவும் நடுவில் வேறோர் ஒலியாகவும் மாறுவதைக் கண்டு திகைத்தார்கள். 'பம்பரம்' என்ற சொல்லில் வரும் இரண்டு பகரங்களையும் சிறுவயதிலிருந்தே வெவ்வேறாக ஒலித்து வந்த எனக்கு அதில் புதுமை ஏதும் இல்லை. வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு போன்ற ஒன்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் விட என்னை ஆட்கொண்டது ஒரு துணைவினை. உண்ணும்படி உபசரிக்கும்போது கொரியர் 'மொகொ புவாயோ' என்கிறார்கள். 'மொகொ' என்றால் 'சாப்பிட்டு'. 'புவா' என்றால் 'பார்'. சாப்பிட்டுப் பார்! ஆசிரியர் இதை ஆங்கிலத்தில் விளக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நானோ அந்தக் கால் மணி நேரமும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். 'வாங்கித் தா' என்பதில் நாம் தருவதைப் போலவே அவர்களும் தருகிறார்கள். இதைக்கொண்டு இரு மொழிகளும் உடன்பிறப்புகள் என்று மேடையேறுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்றைய மொழியியலாளர் பொதுவாக அதை ஏற்பதில்லை. 'அப்பா' என்ற சொல் இரண்டிலும் இருப்பதை மட்டும் வைத்து வீடு கட்ட முடியாது. எனினும் அன்றிலிருந்து நான் கொரிய வாக்கியங்களை ஆங்கிலத்தின் வழியாக யோசிப்பதை விட்டுவிட்டேன்.

மக்களுடனான பழக்கமும் அப்படித்தான் இலகுவாயிற்று. ரொறன்ரோவில் யாரும் என்னிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்டு நலம் விசாரித்ததில்லை. இங்கே சக ஆசிரியை காலையும் மாலையும் அதைத்தான் கேட்டார். வயதையும் திருமணத்தையும் பற்றி முதல் சந்திப்பிலேயே விசாரித்தார். என்னை விட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்ததும், பள்ளிக்கு வெளியே அவரை 'ஒன்னி', அதாவது அக்கா என்று அழைக்கும் உரிமை எனக்குக் கிடைத்தது. பிள்ளைகள் என் பெயரை ஒருபோதும் சொன்னதில்லை. 'ரீச்சர், ரீச்சர்' என்றுதான் ஓடி வருவார்கள். அந்தக் குரலைக் கடைசியாக நான் கேட்டது யாழ்ப்பாணத்தில்.

ஓய்வு நேரத்தைக் கழிப்பதற்குத் தேகுவில் குறையில்லை. 2015இல் தொடங்கிய மூன்றாம் தடத்து ஒற்றைத் தண்டவாள ரயில் அடுக்குமாடி வீடுகளை நெருங்கும்போது, உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்க அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும்; அதைப் பார்ப்பதற்காகவே தொடக்கத்தில் காரணமின்றிப் பயணம் செய்தேன். பேஸ்போல் மைதானத்துக்கும் போனேன். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு உண்டு என்பதையும், அதைப் பாடத் தெரியாதவர் அங்கே ஊமை என்பதையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். பொதுக் குளியல் இல்லத்துக்கு ஒரே ஒரு முறை போனேன். ஆடையின்றி நீராடும் இடத்தில் என் மாணவி ஒருத்தியின் தாயார் எதிரே வந்து, மரியாதையோடு தலைகுனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

மலைதான் எனக்கு நிலைத்தது. 2023 இறுதியில் தேசியப் பூங்காவான பல்கோங்சான் மலையில், தலையில் தட்டைக் கல்லைத் தொப்பி போலச் சுமந்த புத்தர் ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தின் பெயர் கட்பாவி. 'பாவி' என்றால் பாறை; தமிழர் பயப்படத் தேவையில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறிப்போய் வேண்டினால் ஒரு வேண்டுதலாவது பலிக்கும் என்று சொல்வார்கள். நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நெருங்கும்போது தாய்மார்களால் அங்கே நிற்க இடமிராது. அந்தத் தேர்வின் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும் என்று அறிந்த நாளில்தான், என் நாற்பது நிமிடப் பாடங்களைப் பெற்றோர் ஏன் அத்தனை கவனமாக விசாரிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

படிகளில் இளைப்பாறும் முதியவர்கள் அறிமுகமில்லாதவருக்கும் வெள்ளரிக்காயும் தோடம்பழமும் நீட்டுவார்கள். ஓராண்டு வாங்கி உண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசிமாப் புட்டும் கட்டைச் சம்பலும் செய்து எடுத்துப் போனேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரிடம் டப்பாவை இரு கைகளாலும் நீட்டி, 'மொகொ புவாயோ' என்றேன். அவர் உடனே எடுக்கவில்லை. பெரியவர்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று கூறி, 'துஷொ போசேயோ' என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினார்: சாப்பிட்டுப் பாருங்கோ. நான் திருத்திச் சொன்னதும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, உறைப்புப் போதாது என்றார்.