ஏரியின் பழைய எல்லை

செயற்கைக்கோள் படங்களிலிருந்து வெள்ளப் பரப்பு வரைபடம் தயாரிப்பது என் வேலை. ஓரிடத்தில் பெருமழை கொட்டினால், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ராடார் படத்தை வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அலையில்லாத நீர்ப்பரப்பு ராடார் கதிரைக் கண்ணாடிபோல வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

2023 செப்டம்பரில் டேனியல் புயல் கிரேக்க நாட்டின் தெசலி சமவெளியை மூழ்கடித்தது. பெலியன் மலையிலுள்ள ஸகோரா என்னும் ஊரில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. பாலமாஸ் நகரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் தண்ணீர் சூழ்ந்துகொள்ள, மக்கள் கூரைமேல் ஏறி நின்று மீட்புக்குக் காத்திருந்தார்கள். 17 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அதே புயல் கடல் கடந்து லிபியாவின் டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளை உடைத்து, ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

தெசலிப் படத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சமவெளியின் கிழக்கு ஓரத்தில் என் கண் நின்றுவிட்டது. ஆற்று வெள்ளம் வழக்கமாகக் கிளைகிளையாய்ப் பிரிந்து, ஓரம் கிழிந்த துணியைப் போலப் பரவும். இங்கே மலையடிவாரத்தை ஒட்டி ஒரே திரளாகக் கறுப்பு படிந்திருந்தது. பழைய நிலப்படம் ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது: அது கார்லா ஏரி. மலேரியாவை ஒழிக்கவும் சாகுபடி நிலத்தைப் பெருக்கவும் 1962-இல் சுரங்கம் வெட்டி, அந்த ஏரியின் நீரைக் கடலுக்கு வடித்துவிட்டார்கள். மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். நிலத்தடி நீர் கீழே போனது. வெகுகாலம் கழித்து ஏரியின் ஒரு பகுதியை மட்டும் கரை கட்டி நீர்த்தேக்கமாக மீட்டெடுத்தார்கள். இப்போது தண்ணீர் அந்தக் கரையைத் தாண்டித் தன் பழைய படுகையில் போய்ப் படுத்திருந்தது.

பழங்காலத்தில் அந்த ஏரிக்குப் போய்பெயிஸ் என்று பெயர். அதை ஒட்டிய தோதியோன் சமவெளியில்தான் எரிசிக்தோனின் கதை நிகழ்கிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கலிமாக்கஸ் சொல்லும் வடிவத்தில், திரியோபாஸின் மகனான எரிசிக்தோன் கோடரி ஏந்திய 20 பணியாட்களோடு பயிர்த்தெய்வம் டிமீட்டரின் சோலைக்குள் நுழைகிறான். தெய்வம் பூசாரிப் பெண்ணாக உருமாறி வந்து தடுக்கிறாள். தன் விருந்து மண்டபத்துக்குக் கூரை போட இந்த மரங்கள் வேண்டும் என்று அவளையே மிரட்டுகிறான். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அவனைப் பற்றிக்கொள்கிறது.

மரம் வெட்டியவனுக்குத் தண்டனை என்பதோடு கதை முடிந்திருந்தால் அது என்னை இவ்வளவு தொந்தரவு செய்திருக்காது. கலிமாக்கஸ் அந்த வீட்டுக்குள் போகிறார். விருந்துக்கு அழைக்க வருகிறவர்களிடம் மகனுடைய நிலையைச் சொல்ல வெட்கப்பட்டு, ஊரில் இல்லை என்றும் பன்றி குத்திவிட்டது என்றும் தாய் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி அனுப்புகிறாள். உள்ளே அவன் கோவேறு கழுதைகளையும் பந்தயக் குதிரையையும் பூனையையும்கூடத் தின்று தீர்க்கிறான். வீட்டில் ஒன்றும் மிஞ்சாத பிறகுதான், நாற்சந்தியில் உட்கார்ந்து எச்சிலுக்குக் கையேந்தும் அரச குமாரனை ஊர் பார்க்கிறது.

அந்தத் தாயை நினைக்க வைத்தது என் அறிக்கைதான். எங்கள் வரைபடத்தில் தண்ணீருக்கு இரண்டே வகை உண்டு: நிரந்தர நீர்நிலை, வெள்ளநீர். கார்லாவின் பழைய படுகை முழுவதையும் வெள்ளநீர் என்று நீல நிறத்தில் நானே நிரப்பினேன். 1962-க்கு முன் இது ஏரி என்று அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன். அதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை என்று என் மேலாளர் எடுத்துவிட்டார். விதிப்படி அவர் செய்தது சரி. ஆனாலும் வாசலில் வந்து நின்றவர்களிடம் ஒரு சாக்கைச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்ற உறுத்தல் இன்றுவரை எனக்குப் போகவில்லை.

கதையும் நடப்பும் பிரிகிற இடம் ஒன்றும் இருக்கிறது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் ஏரியை வற்றடிக்கக் கேட்டது பேராசை ஆகாது. கதையில் வெட்டியவனுக்கே பசிக்கிறது. தெசலியிலோ முடிவெடுத்த தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது, பருத்தி வயலை இழந்து நின்றவர்கள் அதற்குப் பின் வந்தவர்கள். இந்த அநீதிக்கு எரிசிக்தோன் கதையில் எனக்கு விடை கிடைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் தெசலியின் வோலோஸ் துறைமுகத்தில் 100 டன்னுக்கும் மேல் செத்த மீன்களை அள்ளினார்கள். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் பெருகிய நன்னீர் மீன்கள், ஏரி நீர் வடியும்போது கடலுக்கு அடித்துவரப்பட்டு, உப்புநீரில் மாண்டுபோயிருந்தன. அன்று தெசலிக் கோப்பைத் திறந்து, நீக்கப்பட்ட அடிக்குறிப்பை என் பிரதியில் மட்டும் பழைய இடத்திலேயே எழுதி வைத்தேன்.