டர்பனில் இருந்து வீடியோ போடுகிறவருக்கு எந்தத் தளம் காசு தரும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உட்கார்ந்துகொண்டு டிக்டாக்கில் 10 லட்சம் வியூஸ் வாங்கினாலும் அந்த வியூஸுக்கென்று ஒரு சென்ட் கூடக் கைக்கு வராது. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிங் லைட்டும் மைக்கும் வாங்கி முடித்த பிறகுதான் இங்கே பலருக்கு இது தெரியவருகிறது. டிக்டாக் வியூஸுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தின் பெயர் கிரியேட்டர் ரிவார்ட்ஸ். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா, மெக்சிகோ, பிரேசில் என்று சில நாடுகளுக்கான திட்டம் அது, அந்தப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. 10,000 ஃபாலோயர், 30 நாளில் ஒரு லட்சம் வியூஸ், வீடியோ ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்று நிபந்தனைகளை எல்லாம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் எந்த நாடு என்று ஒரு கேள்வி இருப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

என் அக்கா மகளும் அப்படித்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறாள், நன்றாகச் சமைப்பாள், பாட்டி கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கிறது. மசாலா டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, சுகர் பீன்ஸ் கறிக்கு வெங்காயம் வதக்குவதில் ஆரம்பித்து, கறிவேப்பிலை பொரியும் சத்தத்தைத் தனியாகக் கேட்கவைத்து, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறாள். பார்த்தால் நமக்கே பசிக்கிறது. "மாமா, எல்லாரும் டிக்டாக்லதான் இருக்காங்க, நான் ஏன் யூடியூப் போகணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, புது ஆளின் வீடியோவைத் தூக்கி நாலு பேர் கண்ணில் காட்டுவதில் டிக்டாக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவள் கேட்டது காசைப் பற்றி.

டிக்டாக்கில் இங்கிருந்து சம்பாதிக்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. லைவ் போகலாம், பார்க்கிறவர்கள் காயின் வாங்கிப் பரிசு அனுப்புவார்கள், அதில் டிக்டாக் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொண்ட மிச்சம் நமக்கு. ஆனால் அது வேறு வேலை. ராத்திரி மணிக்கணக்கில் போன் முன்னால் உட்கார்ந்து, பரிசு அனுப்பியவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லி, அடுத்தவரை உசுப்பேற்றி... சிலருக்கு அது கைவந்த கலை. என் அக்கா மகளுக்கு வராது, வரவேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை. கடைகளின் விளம்பர ஒப்பந்தம் இன்னொரு வழி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழில் வீடியோ போடலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2020 ஜூன் மாதக் கடைசியில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. தமிழில் பேசி டிக்டாக்கில் போட்டால் தமிழ்நாட்டுப் பெருங்கூட்டத்துக்கு அது போய்ச் சேராது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா, ஐரோப்பா என்று மிச்சமிருக்கும் இடங்களில்தான் ஆள் பிடிக்கவேண்டும். தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இருக்கும் ஊரே கணக்கில் இல்லை என்றால் யோசிக்கத்தானே வேண்டும்?

சரி, யூடியூப். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்கள் ஒரு கோடி வியூஸ் தாண்டியிருக்க வேண்டும். 500 சப்ஸ்கிரைபரில் ஒரு முதற்படி இருக்கிறது, அதில் ரசிகர்கள் நேரடியாகத் தரும் காசுதான் வரும், விளம்பரப் பங்கு வராது. இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. நாள்தோறும் ஷார்ட்ஸ் போட்டு சப்ஸ்கிரைபர் சேர்ந்துகொண்டே போகும், மணி மட்டும் நகராமல் நிற்கும். ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ் சுலபம் என்று நினைப்பவர்கள் அந்த வழியில் போகட்டும், எனக்கு நம்பிக்கை இல்லை. நீள வீடியோவில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு. ஷார்ட்ஸில் பணத்தை எல்லாம் ஒரு பொதுத் தொகுப்பில் போட்டு, பாட்டுக்கு உரியதைக் கழித்து, நம் பங்காக ஒதுங்குவதில் 45 சதவீதம் தருகிறார்கள். நடைமுறையில் அது சில்லறைதான். 8 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம், அதனால்தான் எல்லாரும் 8 நிமிடத்தைத் தாண்ட அப்படி இழுக்கிறார்கள்.

ஆனால் தளத்தைவிடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது: யார் பார்க்கப்போகிறார்கள்? ஆயிரம் வியூஸுக்கு நம் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது, நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அல்ல. இந்தியாவில் இருந்து பார்த்தால் விளம்பர விலை குறைவு, பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து பார்த்தால் பல மடங்கு கூட. அக்கா மகள் தமிழில் பேசினால் (அவளுக்குத் தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது, அது வேறு பிரச்சினை) ஏற்கெனவே ஆயிரக்கணக்கான சமையல் சேனல்கள் இருக்கும் தமிழ்நாட்டுச் சந்தையில் போய் நிற்கவேண்டும். டர்பன் ஆங்கிலத்தில், நம் வீட்டில் பேசுகிற அதே தொனியில் பேசினால்? இங்கிருந்து லண்டனுக்கும் பெர்த்துக்கும் ஆக்லாந்துக்கும் போய்விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! உள்ளே கறி ஊற்றிச் சாப்பிடும் பன்னி சௌவுக்கு ரொட்டியை எப்படிக் குடைவது, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் எப்படிக் காய்ச்சுவது, பெரியம்மா எலுமிச்சை ஊறுகாயில் என்ன போட்டாள் என்று தேடுகிறவர்கள் அவர்கள்தான். கூட்டம் சின்னது, ஆனால் முழுசாக உட்கார்ந்து பார்க்கும், சமைத்துப் பார்க்கும், அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும். எனக்கு அந்தச் சின்னக் கூட்டம் போதும் என்று தோன்றுகிறது.

அதனால் நான் சொன்ன ஏற்பாடு இது. டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவர் போல டிக்டாக்கை வைத்துக்கொள், கல்லாப்பெட்டி யூடியூபில் இருக்கட்டும். ஒரு நிமிடத் துண்டை டிக்டாக்கிலும் இன்ஸ்டாவிலும் போட்டுவிட்டு, முழுச் சமையலை யூடியூபில் ஏற்று. இன்னொரு லாபமும் உண்டு. டிக்டாக் வீடியோவின் ஆயுசு பெரும்பாலும் சில நாள்தான், யூடியூபில் நல்ல செய்முறை வருஷக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும்.

காலமும் பார்க்கவேண்டும். விளம்பரதாரர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கையை நீட்டிச் செலவழிப்பார்கள், ஜனவரியில் எல்லாம் விழுந்துவிடும். நமக்கு அது பாதி வசதி: புரட்டாசியில் ஊரே சைவம், அப்புறம் தீபாவளிப் பலகாரம், ரெண்டும் சரியான நேரத்தில் வருகின்றன. தைப்பூசக் காவடிதான் விலை விழுந்த நேரத்தில் மாட்டிக்கொள்கிறது.

காவடி வீடியோ போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் என்பதால் ஒரு வார்த்தை. கோவில் ஒலிபெருக்கியில் யாரோ எப்போதோ பதிவுசெய்த பக்திப் பாட்டு பின்னணியில் ஓடினால் உரிமையுள்ள பாட்டைத் தானாகத் தேடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்துவிடும், பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடும். நேரில் வாசிக்கும் மேளமும், கூட்டம் போடும் அரோகராவும் இருக்கும் துண்டாகப் பார்த்து எடுங்கள். அலகு குத்துவதை மிக நெருக்கத்தில் காட்டினால் விளம்பரம் குறைக்கப்பட்டு மஞ்சள் டாலர் குறி வரவும் வாய்ப்புண்டு.

மற்றவை சுருக்கமாக. ஃபேஸ்புக் 2024 அக்டோபரில் தன் மூன்று வருமானத் திட்டங்களை ஒன்றாக்கியது, அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட மாட்டேன், ஆனால் டர்பன் அத்தைகளும் மாமாக்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் வீடியோவைப் போட்டுவைப்பதில் நஷ்டமில்லை. இன்ஸ்டாகிராம் கடைக்காரர்கள் நம்மைப் பார்க்கும் ஜன்னல். விமியோ என்ற வீடியோ தளத்தில் விளம்பரப் பங்கே கிடையாது, அங்கே கொஞ்சத்துக்கு மேல் ஏற்றினால் நாம்தான் அவர்களுக்குக் காசு கட்டவேண்டும்.

பணம் கைக்கு வரும் கட்டம் தனிக் கூத்து. யூடியூப் பணம் வந்து சேரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நம் தபாலை நம்பி இருந்தால் இருந்ததுதான், கடிதம் வராமல் திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்காவிட்டால் அடையாள ஆவணத்தை ஏற்றி முடித்துக்கொள்ளலாம். 100 டாலர் தாண்டினால்தான் பணம் கிளம்பும், மாதம் 21க்கும் 26க்கும் நடுவில். பிறகு வங்கி, வெளிநாட்டுப் பணம் என்பதால் இது என்ன வகை வருமானம் என்று ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், கட்டணமும் எடுக்கும். சின்னத் தொகைக்கு அந்தக் கட்டணம் வலிக்கும், ஆட்சென்ஸில் பணம் வெளியேறும் வரம்பை உயர்த்திவைத்து மொத்தமாக வாங்கலாம். அமெரிக்க வரிப் படிவத்தை மறக்காமல் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுக்க இருந்து வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம், நிரப்பினால் அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களின் பங்கு மட்டும்தான் கணக்கில் வரும், அதிலும் இரு நாட்டு வரி ஒப்பந்தம் உதவும்.

இங்கே சார்ஸுக்கும், அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறைக்கும், கணக்குக் காட்டவேண்டும். 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டுக்கு 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 95,750 ரேண்ட் வரை வருமான வரி இல்லை, ஆனால் வேலைச் சம்பளம் இருந்தால் யூடியூப் பணம் அதன்மேல்தான் உட்காரும். கடைக்காரர் காசு கொடுத்துப் பேசச்சொன்னால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகச் சொல்லவேண்டும், இங்குள்ள விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் விதி அது. காசுக்குப் பதிலாகப் பொருள் கொடுத்தாலும் அது வருமானம்தான் என்று அக்கா மகளிடம் சொன்னேன். போன மாதம் ஒரு பாத்திரக்கடையில் கொடுத்த பிரஷர் குக்கரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அதைத் திருப்பிக் குடுத்துடவா மாமா?" என்றாள். வேண்டாம்மா, விலையைக் கேட்டு நோட்டில் எழுதி வை, போதும் என்றேன்.