பூக்கடைச் சீட்டும் பைத்தானும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விவசாயிகளுக்குச் சீட்டு போட்டுப் போட்டு அலுத்து, நாற்பத்து மூன்று வயதில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

லேப்டாப், அக்கா மகன் காலேஜில் வைத்திருந்தது. பேட்டரி செத்துப் பல வருஷம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். உள்ளே விண்டோஸ் 7. புதுப் பைத்தானை இறக்கினால் ஏற மாட்டேன் என்றது. பைத்தான் 3.8 பதிப்பு வரைதான் விண்டோஸ் 7-இல் ஓடுமாம். படித்துப் பழக அது தாராளம். 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்டே கைகழுவிய விண்டோஸ் என்பதால் பேங்க் வேலை எதையும் இதில் பார்ப்பதில்லை.

3.8 ஏறிவிட்டது. கறுப்புத் திரையைத் திறந்து பைத்தான் என்று அடித்தால், அப்படியொரு கட்டளையே தெரியாது என்கிறது. அழித்தேன், மறுபடி ஏற்றினேன், அதே பதில். இரண்டு ராத்திரி போயிற்று. "நோட்டே நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஏத்தும்போது முதல் பக்கத்துல அடியில ஒரு கட்டம் இருக்குமே, டிக் போட்டீங்களா?"

"எந்தக் கட்டம் மாப்ள?"

அவன் சிரித்து முடிக்க நேரமானது.

பைத்தானைப் 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் அது. நாமாகப் போடாவிட்டால் காலியாகவே கிடக்கும். ஒரு பெயரை அடித்தால் எந்தெந்த ஃபோல்டரில் போய்த் தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல்தான் பாத். புதுக் கடையைத் திறந்துவிட்டு மூட்டை தூக்கும் அண்ணனிடம் சொல்லாவிட்டால் சரக்கு எப்படி வந்து சேரும்?

டிக் போட்டு ஏற்றினேன். வந்தது. முதல் கணக்கு: 3.4 கிலோ, கிலோ 850 ரூபாய், நூற்றுக்குப் பத்து கமிஷன் போக 2601.0. நோட்டிலும் 2601தான், அந்தப் புள்ளி சைபர் மட்டும் இல்லை.

கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. பைத்தானோடு கூடவே வரும் ஐடில் என்ற எழுதும் ஜன்னலில் ஒழுங்காகத் தெரிந்தது. 'லென்' என்ற கட்டளை போட்டால் ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லுமாம். மல்லி என்று கொடுத்தேன். 5 என்றது. விரல்விட்டு எண்ணினேன்: ம, ல், லி.

ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி போன். 'ல்' மேலிருக்கும் புள்ளியையும் 'லி'யின் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணுமாம்.

"மூணு மணிக்கு எந்திரிக்கணும்ல, படுங்க மாமா."

படுக்கவில்லை. மதுரை என்று அடித்துப் பார்த்தேன். அதற்கும் 5.