பிச்சாவரத்து மீன்முள் வாய்க்கால்: கன்றுக்கு முன் மட்டம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் சுரபுன்னையைத்தான். ஓடையின் இரு கரையிலும் முட்டுவேர் ஊன்றி நிற்பது அது. ஆனால் அது ஓரத்து மரம். கரையைத் தாண்டி உள்ளே போனால் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல். அதற்கும் உள்ளே சில இடங்களில் மரமே கிடையாது. உமிரிச் செடி படர்ந்த திட்டும், கோடையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் களியும்தான். சீரமைப்பு வேலை நடக்க வேண்டியது இந்த மூன்றாவது இடத்தில். பணம் கொடுக்க வருகிறவர்கள் கேட்பதோ சுரபுன்னைக் கன்று, அதுவும் ஓடையோரமாக, படம் எடுக்க வசதியாக.

உள்ளே மரம் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் காடு. 1970-கள் வரை இதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் இருக்கும் மரங்களை மொத்தமாக வெட்டி எடுக்கும் முறை நடந்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய களிமண் சுருங்கி, வெட்டிய இடத்தின் நடுப்பகுதி தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் (ஓதம் உயரும்போது) புகுந்த தண்ணீர் வற்றத்தில் (ஓதம் இறங்கும்போது) வெளியேற வழியில்லாமல் தங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போனது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தப் பள்ளங்களில் கோடையில் அது இரண்டு மடங்கைத் தாண்டும். வளர்ந்த வெண்கண்டல் எவ்வளவோ தாங்கும், முளைவிடும் விதையால் அது முடியாது.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 1 மீட்டருக்கும் குறைவு. இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும் கரையாக இருந்தால் சின்னப் பள்ளத்தைக் கடலே கழுவிவிடும். நம் கரையில் 15, 20 செ.மீ. தாழ்வே ஒரு துண்டுக் காட்டைக் கெடுக்கப் போதும். அதனால்தான் 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இங்கே மீன்முள் வடிவில், நடுவே ஒரு முதன்மை வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்ந்த கிளைகளுமாக வெட்டும் வழியைக் கையில் எடுத்தார்கள். பிறகு முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தில் கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் அதே வழி போனது.

முதல் வேலை மட்டம் பார்ப்பது. விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். அமாவாசை அல்லது பௌர்ணமி ஏற்றத்துக்கு முன்னால், ஓடைக்கரையிலிருந்து பள்ளத்தின் நடுவரை வெள்ளையடித்த மூங்கில்களை வரிசையாக நட்டுவிட வேண்டும். தண்ணீர் இறங்கியதும் ஒவ்வொரு மூங்கிலிலும் சேற்றுக்கோடு நிற்கும். அந்தக் கோட்டிலிருந்து தரைவரை அளந்தால், எங்கே எத்தனை செ.மீ. நீர் ஏறியது என்பது கிடைக்கும். மறுநாள் வற்றத்தில் எங்கே இன்னும் தண்ணீர் நிற்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டாவது குறிப்புதான் முக்கியம். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். நிரப்பியதும் இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

உப்பை மேல்தண்ணீரில் அளந்து பயனில்லை. 30 செ.மீ. குழி தோண்டி, ஊறிவரும் நீரைத் துணியில் வடிகட்டி ரிஃப்ராக்டோமீட்டரில் (நீரின் உப்பளவைக் காட்டும் கருவி) விட வேண்டும். கையடக்கக் கருவியின் அளவுகோல் பெரும்பாலும் 100-ல் (ஆயிரத்துக்கு 100 பங்கு உப்பு) முடிந்துவிடும். அதையும் தாண்டினால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு நல்ல தண்ணீர் கலந்து, வந்த எண்ணை இரட்டிப்பாக்கினால் ஓரளவு சரியாக வரும். மழை பெய்த மறுநாள் எடுத்த அளவை வைத்துக்கொண்டு ‘இந்த மண் பரவாயில்லை’ என்று முடிவுகட்டியதுதான் பல திட்டங்களின் முதல் சறுக்கல். மே மாதத்து எண்ணும் டிசம்பர் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி வாய்க்கால். முதன்மை வாய்க்காலுக்கு நான் எடுத்துக்கொள்வது மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளைக்கு மேலே 2, அடியில் 0.75, ஆழம் 0.75. பக்கச் சரிவு இதைவிடச் செங்குத்தானால் முதல் மழையிலேயே கரை சரிந்து வாய்க்காலுக்குள் உட்காரும். கிளைகள் முதன்மையோடு 45 பாகையில், ஓடையை நோக்கிச் சாய்ந்தபடி சேர வேண்டும். நேர்கோணத்தில் சேர்த்தால் வற்றத்தில் இறங்கும் நீர் சந்திப்பில் முட்டித் திரும்பி, வண்டலை அங்கேயே போட்டுவிடும். கிளைக்குக் கிளை எவ்வளவு இடைவெளி என்று காகிதத்தில் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் ஒரு ஜோடி வெட்டி, ஒரு பௌர்ணமி ஏற்றத்தில் நீர் எவ்வளவு தூரம் பரவி, எவ்வளவு தூரம் வடிகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை வெட்டலாம்.

வெட்டும் காலம் கோடை. பள்ளத்தின் நடுவிலிருந்து ஓடையை நோக்கி வெட்டி வந்து, வாய்க்கால் ஓடையைத் தொடும் வாயில் ஓரிரு மீட்டர் மண்ணை அடைப்பாக விட்டுவைத்தால் வேலை முடியும்வரை ஏற்றநீர் தொந்தரவு இருக்காது. கடைசி நாள் அந்த அடைப்பை எடுக்கும்போது கவனம் வேண்டும். அடிமட்டம் ஓடைப்பக்கம் சற்றேனும் தாழ்ந்திருக்க வேண்டும். வாயில் அரையடி மேடு மிஞ்சினால் உள்ளே 1 மீட்டர் வெட்டியும் பயனில்லை, நீளமான குட்டை ஒன்றுதான் கிடைக்கும்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது? கணக்குப் போட்டால் முதன்மை வாய்க்காலில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2 கனமீட்டர் சேறு வரும்; 100 மீட்டருக்கு 200. கூலியாட்கள் இயல்பாகச் செய்வது, கரையோரமாகவே தொடர்ச்சியாகக் கொட்டிக்கொண்டு போவது. காய்ந்ததும் அது வரப்பு. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், பக்கத்து நிலத்துக்கு ஒரு சொட்டு ஏறாது. ஒவ்வொரு 5 மீட்டருக்கும் 2 மீட்டர் இடைவெளி விட்டுக் குவிக்கச் சொல்ல வேண்டும், அந்த இடைவெளிகள் பள்ளத்தின் தாழ்ந்த புள்ளிகளுக்கு நேராக அமைய வேண்டும். குவியல் உயரமானால் இன்னொரு விருந்தாளி வருவார்: சீமைக்கருவேலம். ஏற்றநீர் தொடாத மேட்டை அது விடாது.

அழுகிய முட்டை வாடை அடிக்கும் கருஞ்சேறு மேலே வந்தால் இன்னொரு சிக்கல். காற்றுப் பட்டதும் அதிலுள்ள கந்தகம் அமிலமாகும். சில மாதங்களில் குவியலில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் கன்று வைக்க வேண்டாம். நல்ல மழை கண்டு, மண்ணின் அமிலத்தன்மையை அளந்த பிறகு யோசிக்கலாம்.

நடவு வடகிழக்குப் பருவமழை ஒருமுறை நிலத்தைக் கழுவிய பிறகு. மழைநீரும், கான்சாகிப் வாய்க்கால் வழியாக வரும் வயல் வடிநீரும் சேர்ந்து இங்கே உப்பைக் குறைப்பதுபோல எந்த வாய்க்காலும் தனியாகக் குறைக்காது. சேர்ந்த உப்பைக் கரைப்பது நல்ல தண்ணீர். கரைந்ததை வெளியே கொண்டுபோவதுதான் வாய்க்காலின் வேலை.

வெண்கண்டல் விதையைக் காம்பிலிருந்து இழுத்துப் பறிக்காமல், தொட்டால் விழுவதை மட்டும் சேர்க்க வேண்டும். ஓட்டை விழுந்த விதையில் புழு இருக்கும், அதை ஒதுக்கிவிடலாம். ஒருநாள் ஓடைநீரில் மிதக்கவிட்டால் மேல்தோல் தானாகக் கழன்று, மடிந்திருந்த தடித்த பருப்பு விரியும். அடியில் மயிர் அடர்ந்த வேர்முனை தெரியும். அந்த முனை மட்டும் சேற்றில் பதிந்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் அழுகும். நடும் இடம் வாய்க்காலின் சரிவில் பாதி உயரம்: ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளியே தெரிய வேண்டும். நாள் முழுக்க நீரில் கிடந்தால் பின்னால் மூச்சுவேர் வந்தும் மூச்சு விட முடியாது.

சுரபுன்னையின் முருங்கைக்காய் போன்ற நாற்று வேறு வகை. மேல்முனையில் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது. கூர்முனை கீழே, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றில். தன்னார்வலர்கள் வரும் நாட்களில் ஒரு வரிசை தலைகீழாக நிற்பது சகஜம். அவர்கள் கிளம்பிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

பிறகு கெடுவது எப்படி? ஆடுமாடு முதல் காரணம். வெண்கண்டல் இலையை அவை விரும்பித் தின்னும். முள்வேலி போட்டாலும் வாய்க்கால் வாய் திறந்தே இருப்பதால், பக்கத்து ஊரோடு பேசி மேய்ச்சலுக்கு வேறு இடம் ஒதுக்காமல் முடியாது. அடுத்தது பாசி: இளங்கன்றின் மேல் படர்ந்து, ஏற்றத்தில் இழுத்துச் சாய்க்கும், கையால்தான் எடுக்க வேண்டும். கடைசியாக முகத்துவாரம். சின்னவாய்க்கால் என்ற இடத்தின் பக்கம் மணல் சேர்ந்து வாய் சுருங்கினால் உள்ளே ஏற்றமே குறையும். அந்தச் சமயத்தில் உங்கள் வாய்க்காலைக் குறை சொல்லி ஆழப்படுத்த ஆரம்பிக்காதீர்கள்.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு ஓரத்துக் கண்டல்களில் மூச்சுவேரை மூடிக்கிடக்கும் பிளாஸ்டிக்குக்கு வாய்க்கால் என்ன செய்யும்? பிச்சாவரத்திலும், காப்புக்காடு என்பதால், வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது.

என்னிடம் வரும் சீரமைப்புத் திட்டத்தின் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் கன்றுக்கு ஒதுக்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தூர்வாரும் கூலி தனித் தலைப்பில் இருக்க வேண்டும், குறிப்பாக வாய்க்கால் வாய்க்கும் சந்திப்புகளுக்கும். வாரிய மண்ணைப் பழைய குவியலின் மேலேயே போட வேண்டும், விட்டுவைத்த இடைவெளிகளில் அல்ல. சரிவுகளில் நாம் நடாத வெண்கண்டல் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்ததும் இடைநடவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையும் தூர்வாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.